திருகாணி எடுத்துக் கொடுத்தவன்

சேகர்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். வடக்கே பெரிய இரும்பாலையில் வேலை, கம்பெனி கொடுத்த வீடு, வருகிற ஆவணியில் கல்யாணம். நீ படித்த பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர் போன வாரம் விருதுநகர் வீட்டுக்கு வந்திருந்தார். இந்த வருஷத்து ஆண்டு மலரில் பழைய மாணவர்களுக்கு அவரவர் தாய் தகப்பன் எழுதும் கடிதங்களைப் போடப் போகிறார்களாம். "நம்ம சேகருக்குக் கல்யாணம் வருது. ஆசீர்வாதமா ஒரு கடிதம் எழுதிக் குடுங்கம்மா. நாலு பக்கம் ஆனாலும் போட்டுருவோம்" என்றார். "எழுதுறேன் சார். ஆனா நான் எழுதுனதுல ஒரு வரிகூட நீங்க வெட்டக் கூடாது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்று தலையாட்டினார். ஆசீர்வாதத்தில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார், பாவம்.

நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன். நீ சின்ன வயதில் குறும்பு செய்தபோதெல்லாம் வருமே, அந்த மாதிரிக் கோபம் இல்லை. இது மூன்று மாதமாக என்னோடு எழுந்து என்னோடு சோறு தின்கிறது. தபாலில் உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். நீ படித்துவிட்டு மடித்து எங்கேயாவது வைத்திருப்பாய். நீ பொய்யை அச்சில் போட்டாய். அதனால் நானும் அச்சிலேயே பேசுகிறேன். என் எட்டாம் வகுப்புத் தமிழுக்கு இவ்வளவுதான் வரும். பொறுத்துக்கொள்.

போன வருஷத்து மலர் தாமதமாகி இந்தத் தை மாதம்தான் வெளிவந்தது. 'என்னைப் பொறியாளன் ஆக்கிய பெட்டி' என்று நீ எழுதிய கட்டுரையும் உன் படமும் அதில் இருந்தன. எனக்கு ஒரு பிரதி அனுப்பினாய், உன் அக்காவுக்கு அனுப்பவில்லை. அப்போது என் கண்ணாடி உடைந்து கிடந்ததால் நான் படிக்கவில்லை. மகன் படம் வந்திருக்கிறதே என்ற பெருமையில் அதைப் பையில் போட்டுக்கொண்டு நாரணாபுரத்துக்கு உன் அக்கா வீட்டுக்குப் போனேன். பாக்கியம் அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மகள் வசந்திக்கு எட்டு வயது, கையில் எழுத்து எது கிடைத்தாலும் சத்தம் போட்டுப் படிக்கிற பிள்ளை. மலரைப் பிரித்து வைத்துக்கொண்டு உன் கட்டுரையை முதல் வரியிலிருந்து படித்தாள். பூட்டிக் கழற்றி விளையாடுகிற அந்தச் சாமான் பெட்டி, அதில் சிவப்பும் பச்சையுமாகத் துளை போட்ட இரும்புப் பட்டைகள், சின்னச் சக்கரங்கள், விரல் நீளத்துக்கு ஒரு ஸ்பானர், மூடியைத் திறந்தால் வருகிற எண்ணெய் வாசனை என்று எல்லாம் அழகாகத்தான் எழுதியிருந்தாய். அந்த வாசனை இன்னும் உன் விரல்களில் இருக்கிறது என்று வேறு எழுதியிருந்தாய். நானும் மயங்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்த வரி வந்தது. 'நான் கிரேன் பூட்டும்போது என் அக்கா அருகில் அமர்ந்து திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள்.'

வசந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மா! மாமா உங்களையும் எழுதியிருக்காக! நீங்கதான் எடுத்துக் குடுப்பீகளா?" என்று கத்தினாள். உன் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமாத்தா, எடுத்துக் குடுப்பேன்" என்றாள். கத்தி ஒரே சீராக நறுக்கிக்கொண்டே இருந்தது.

எது உண்மை என்று உனக்குத் தெரியும். பாக்கியத்துக்கும் எனக்கும் தெரியும். தெரிந்த நாலாவது ஆள் உன் அப்பா, அவர் போய் மூன்று வருஷமாகிறது. மலரைப் படித்த அத்தனை பேருக்கும் தெரியட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

உனக்கு ஒன்பது வயதும் அவளுக்குப் பன்னிரண்டு வயதும் நடந்தபோது அப்பா மிளகாய் வியாபார விஷயமாக மதராஸ் போய்விட்டு வந்தார். அங்கே ஒரு பெரிய கடையில் பார்த்ததாகச் சொல்லி அந்தச் சீமைப் பெட்டியை உனக்கு வாங்கி வந்தார். பாக்கியத்துக்குப் பாவாடைத் துணி. பெட்டியோடு ஒரு படப் புத்தகம் இருந்தது. நீ இரண்டு நாள் முயன்றாய். ஒரு வண்டி செய்யப் பார்த்தாய், சக்கரம் சுற்றவில்லை. பெட்டியை உதைத்துவிட்டுக் கோலி விளையாடப் போய்விட்டாய். பத்தாயத்துக்கு அடியிலெல்லாம் திருகாணி சிதறிக் கிடந்தது. பாக்கியம் குப்புறப் படுத்து, துடைப்பக் குச்சியால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளிப் பொறுக்கினாள். அன்றைக்கு எடுத்தவள்தான், அப்புறம் கீழே வைக்கவில்லை.

நம் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் ரயில்வே கூட்ஸ் ஷெட் தெரியும். அங்கே பாரம் தூக்குகிற ஒரு கை கிரேன் நின்றது உனக்கு நினைவிருக்கும். துணி காயப்போடுகிறேன் என்று மாடிக்குப் போவாள், ஈரத் துணி வாளியிலேயே கிடக்கும். இவள் கைப்பிடிச் சுவரில் மோவாயை வைத்து அந்தக் கிரேனையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் எத்தனை தடவை முதுகில் போட்டிருப்பேன் தெரியுமா? புத்தகத்தில் இருந்த கிரேன் அவளுக்குப் பிடிக்கவில்லை. "அது பாரத்தைத் தூக்கும்மா, ஆனா கைய விட்டா கீழ போட்டுரும். நம்ம கூட்ஸ் ஷெட்ல உள்ளது போடாது" என்றாள். பட்டைகள் பற்றவில்லை. சிவகாசியிலிருந்து உங்கள் சித்தப்பா கொண்டுவந்து போட்ட காலித் தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி மேடை கட்டினாள். என் தையல் நூல்கட்டையில் அரிவாள்மனையால் பள்ளம் வெட்டி, கயிறு சுற்றுகிற உருளையாக்கினாள். பல்சக்கரம் பின்னால் சுற்றாதபடி அதன் பல்லில் ஒரு குட்டிப் பட்டையைச் சாய்த்துப் பூட்டினாள். கைப்பிடியைச் சுற்றினால் டக் டக்கென்று பாரம் மேலே போகும், கையை விட்டாலும் அப்படியே நிற்கும். ஒரு படி மிளகாயைத் துணியில் முடிந்து தொங்கவிட்டு எனக்குக் காட்டினாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்கிற அளவுத் திருகாணியை எடுத்துக் கொடுத்தவன் நீ. அதுவும் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. பெரியதைக் கேட்டால் சின்னதைக் கொடுப்பாய். "ஏலே, கண்ணத் தொறந்து பாத்துக் குடுலே" என்று அவள் உன் தலையில் குட்டுவாள்.

உங்கள் பள்ளியில் கண்காட்சி வந்தது. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரேனைத் தூக்கி ரிக்ஷாவில் வைத்தார், உன்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கொண்டுபோனார். பாக்கியம் வாசல் வரை ஓடிவந்து, "தம்பி, பல்சக்கரத்துல கைய வச்சுராத" என்று மட்டும் சொன்னாள். உனக்கு முதல் பரிசு கிடைத்தது. நான் என்ன செய்தேன்? கேசரி கிண்டினேன்.

இரண்டு நாள் கழித்து, மதுரையில் ஒரு விடுதிப் பள்ளியில் இருந்து அறிவியல் ஆசிரியர் ஒருவர் கிரேனைச் செய்த பையனைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கே வந்துவிட்டார். வயதானவர், நல்ல மனுஷர். முன்கட்டில் மேசைமேல் கிரேன் இருந்தது. நீயும் அப்பாவும் அவர் எதிரில் இருந்தீர்கள். நானும் பாக்கியமும் உள்கதவுக்குப் பின்னால் நின்றோம். அவர் கிரேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கைப்பிடியைச் சுற்றினார், விட்டார். பாரம் நின்றது. அந்தக் குட்டிப் பட்டையைத் தொட்டு, "தம்பி, இத எதுக்கு இங்க வச்ச?" என்று கேட்டார்.

நீ அப்பா முகத்தைப் பார்த்தாய்.

"பயப்படாம சொல்லுப்பா. இது புத்தகத்துல இல்லையே. உனக்கு எப்படித் தோணுச்சு?"

எனக்குப் பக்கத்தில் இருந்த பாக்கியம் கதவை ஒட்டி முன்னால் நகர்ந்தாள். "பல்லு பின்னால..." என்று வாயைத் திறந்தாள். நான் என் வலது கையால் அவள் வாயைப் பொத்தினேன். இடது கையால் அவள் பின்னந்தலையைப் பிடித்து என் நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன். அவள் பற்கள் என் உள்ளங்கையில் பதிந்தன. கடிக்கவில்லை, பேச முயன்றாள். அவளுடைய மூச்சு என் விரல் இடுக்கில் சூடாக வந்தது. வெளியே நீ, "அழகுக்கு வச்சேன் சார்" என்றாய். அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்து, "சின்னப்பய சார், கூச்சப்படுதான்" என்றார். அடுத்த வருஷமே அந்தப் பள்ளியில் உனக்கு இடம் கிடைத்தது. உன் படிப்பும் இன்றைக்கு இருக்கிற வேலையும் அங்கேதான் தொடங்கின.

ஒன்பது வயதில் நீ சொன்ன 'அழகுக்கு' என்ற வார்த்தைக்காக உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். அது அப்பா செய்த தப்பு, அதைவிடப் பெரிதாக நான் செய்த தப்பு. செத்துப்போன மனுஷரைப் பற்றிப் பேசக் கூடாது என்பார்கள். நான் பேசுவேன். அவர் கெட்டவர் இல்லை. பொட்டப்பிள்ளை செய்தது என்று சொன்னால் ஊர் சிரிக்கும் என்று நினைத்தார். நான் அதைக்கூட நினைக்கவில்லை. வந்தவர் முன்னால் பெண்பிள்ளை பேசுவதா என்று என் கை தானாகப் போனது. யோசிக்காமல் செய்தது என்று எனக்கு நானே பல வருஷம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். யோசிக்காமலே அதைச் செய்கிற பெண்ணாக நான் இருந்தேன் என்பது எப்படிச் சமாதானமாகும்?

அந்த வருஷமே அவள் பெரியவளானாள். எட்டாம் வகுப்போடு நிறுத்தினோம். நீ மதுரைக்குக் கிளம்பினபோது பெட்டியும் உன்னோடு போனது. "படப் புத்தகம் மட்டும் இருக்கட்டும்மா" என்று கேட்டாள். "அது தம்பிக்கு வாங்குனது" என்று சொன்னவளும் நான்தான். நீ தீபாவளி லீவுக்கு வந்தாய், பெட்டி வரவில்லை. யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று முதலில் சொன்னாய். அப்புறம் அழுதுகொண்டே என்னிடம் உண்மையைச் சொன்னாய், ஒரு கிரிக்கெட் மட்டைக்கு அதைக் கொடுத்துவிட்டதாக. 'அந்தப் பெட்டியை நான் பொக்கிஷம்போல் காத்தேன்' என்று எழுதினாயே, எழுதுகிறபோது பேனா முள் உடையவில்லையா? ஒன்பது வயதுப் பையனை மன்னிக்கலாம். இருபத்தைந்து வயதில், கையெழுத்துப் போட்டு, படமும் கொடுத்து, அக்காவைத் திருகாணி எடுத்துக் கொடுக்க உட்காரவைத்தவனை என்ன செய்ய? நீ அவளை எழுதாமலே விட்டிருந்தால் மறந்துவிட்டான் என்று நினைத்திருப்பேன். நீ மறக்கவில்லை. அவள் உட்கார்ந்த இடத்தில் நீ உட்கார்ந்துகொண்டு, உன் இடத்தை அவளுக்குக் கொடுத்திருக்கிறாய்.

அன்றைக்கு நாரணாபுரத்தில் என்னால் வாயை அடக்க முடியவில்லை. வசந்தியிடம் இருந்து மலரைப் பிடுங்கினேன். "பொய்யி! அம்புட்டும் பொய்யி! அந்தக் கிரேனச் செஞ்சது ஒங்க அம்மா. ஒங்க மாமன் பக்கத்துல ஒக்காந்து மூக்க நோண்டிக்கிட்டு இருந்தான்" என்று கத்தினேன். நடந்தது முழுவதையும் அந்தப் பிள்ளையிடம் கொட்டினேன், என் கை செய்ததையும் சேர்த்து. வசந்தி வாயைப் பிளந்து அவள் அம்மாவையே பார்த்தாள். பாக்கியம் கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். அவளுக்கு நிம்மதியாக இருக்கும், என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்றெல்லாம் நான் எதிர்பார்த்தேன் என்று இப்போது தெரிகிறது.

"யாரக் கேட்டுச் சொன்னீக?" என்றாள்.

"உண்மையத்தான் தாயி சொன்னேன்."

"அது எனக்குத் தெரியாதா? எம் புள்ளைக்கு எப்பச் சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு நான் வச்சிருந்தேன். அன்னைக்கும் நீங்கதான் என்னப் பேசவிடல. இன்னைக்கும் எனக்குப் பதிலா நீங்களே பேசிட்டீக. எப்பத்தாம்மா நான் பேச?"

பதினாறு வருஷத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அது ஒரு தடவைதான். இரண்டு நாள் அங்கேயே இருந்தேன். அவள் சோறு போட்டாள், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள், பேசவில்லை. தலைமை ஆசிரியர் வந்துபோன மறுநாள் திரும்பவும் நாரணாபுரம் போனேன். இந்தத் தடவை கேட்டேன். மலரில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க. ஆனா என்னியப் பாவம்னு எழுதாதீக. நான் ஒண்ணும் பாவமில்ல. எழுதுனா செட்டுக் கதவையும் சேத்து எழுதுங்க" என்றாள். அந்தக் கதவின் கதை உனக்குத் தெரியாது. நீ எப்போதாவது கேட்டிருந்தால்தானே?

பாக்கியத்தின் மாமனாருடைய பட்டாசுக் கம்பெனியில், மருந்து அடைக்கிற செட்டுக்கு அப்போது ஒரே வாசல்தான். கல்யாணமாகிப் போன இரண்டாம் வருஷம் அவள் அதைக் கவனித்திருக்கிறாள். வேலையாட்களுக்கு மோர் கொண்டுபோகிறபோது, வாசலை அடைத்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மாமனார் முரட்டு ஆள், கைநாட்டு, மருமகள் எதிரில் வந்து நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷர். அவர் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடுகிற நேரத்தில், அவர் முன்னால் தரையில் காலித் தீப்பெட்டிகளை அடுக்கிச் செட்டைக் கட்டினாள். உள்ளே புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்தாள். "மாமா, இது நம்ம செட்டு. இவுக வேல பாக்குற ஆளுக. வாசப் பக்கம் தீப் புடிச்சா உள்ள இருக்கவுக எங்கன போவாக?" என்று கேட்டாள். கிழவர் குனிந்து பார்த்தார். ஒரு புளியங்கொட்டையை விரலால் தள்ளிக்கொண்டே போனார். தீப்பெட்டிச் சுவர்வரைக்கும் போய் அது நின்றுவிட்டது. இன்னொரு கொட்டையைத் தள்ளினார். அதுவும் நின்றது. எழுந்து போய்விட்டார். திங்கட்கிழமை கொத்தனார் வந்து பின்சுவரை உடைத்தார். அடுத்த வருஷம் சீசன் சமயத்தில், பட்டப்பகலில், வாசலை ஒட்டி வைத்திருந்த மருந்து பற்றிக்கொண்டது. உள்ளே இருந்த ஒன்பது பேரும் பின்கதவு வழியாக ஓடி வெளியே விழுந்தார்கள். ஒருத்திக்குக் கால் வெந்தது, பிழைத்துக்கொண்டாள். செட்டு தரைமட்டம்.

பார்க்க வந்த ஊர்க்காரர்களிடம் அந்தக் கைநாட்டுக் கிழவர் என்ன சொன்னார் தெரியுமா? "இது எம் மருமக வச்ச கதவு. நான் வைக்கல" என்றார். கேட்ட ஒவ்வொருத்தரிடமும் அதையே சொன்னார். அப்புறம் கம்பெனியில் கட்டின ஒவ்வொரு செட்டுக்கும் பின்கதவு வைத்தார்கள், இன்றுவரை அதற்குப் பெயர் பாக்கியம் கதவு. யாரோ பெற்ற பெண்ணுக்கு ஒரு முரட்டு மனுஷரால் அவ்வளவு சுலபமாகக் கொடுக்க முடிந்ததை, பெற்ற நாங்கள் கொடுக்கவில்லை. கூடப் பிறந்த நீயும் கொடுக்கவில்லை. இதை நினைக்கிறபோதுதான் என் கோபம் உன்னிலிருந்து திரும்பி என் கழுத்தைப் பிடிக்கிறது.

கல்யாணத்துக்கு என்று ஒரு புத்தி சொல்லாமல் விட்டால் தலைமை ஆசிரியர் வருத்தப்படுவார். உனக்கு வரப்போகிறவள் கல்லூரியில் கணக்குப் படித்தவள். நாலு பேர் முன்னால் அவள் ஒரு விஷயம் சொன்னால், அதையே நீ கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொல்லி உன்னுடையது ஆக்கிக்கொள்ளாதே. அவள் பேச வாயெடுக்கிறபோது குறுக்கே போகாதே. அவளுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சொல். அந்த மதுரை ஆசிரியரிடம் அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும். அதை உனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் நான். அப்போது சொல்லிக்கொடுக்கவில்லை, இப்போது கோபமாகச் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் நாரணாபுரம் போ. பட்டுச்சேலை, பழத்தட்டு என்று எதையும் தூக்கிக்கொண்டு போகாதே. வசந்தி உன்னிடம் நிறையக் கேள்வி கேட்பாள், அம்மாவைப் போலவே விடாமல் கேட்பாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல். பாக்கியம் ஏதாவது சொன்னால் முழுக்கக் கேள். திட்டினால் வாங்கிக்கொள். ஒன்றுமே சொல்லாவிட்டால், அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு.

அக்கா என்னை மன்னிப்பாளா அம்மா என்று எனக்குக் கடிதம் போடாதே. எனக்குத் தெரியாது. எனக்காக அந்தக் கேள்வியை நானே இன்னும் அவளிடம் கேட்கவில்லை. இரண்டு தடவை நாரணாபுரம் போனேன், இரண்டு தடவையும் பயந்து திரும்பி வந்தேன்.

உன் அம்மா